மூன்றால் வகுபடாத மீதி

நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவருக்கு டி.பி. மருந்து நாளைக்கு மூன்று மாத்திரை. ஓர் அட்டையில் 28 இருக்கும். மூன்று அட்டை கொடுத்தால் 84 மாத்திரை, 28 நாளுக்குச் சரியாக வரும். பதினெட்டாம் நாள் காலையில், அன்றைய மாத்திரையை அவர் போடுவதற்கு முன்னால், நான் அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 நாளும் ஒழுங்காகப் போட்டிருந்தால் 51 செலவாகியிருக்கும், 33 மீதி இருக்கும். 36 இருந்தால் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. 39 இருந்தால் இரண்டு நாள். சரி, 35 இருந்தால்?

காசநோய்க் களப்பணியில் இருக்கும் என் கண் முதலில் தேடுவது இப்படிப்பட்ட மீதியைத்தான். முழு நாள் விட்டவரின் மீதி மூன்று மூன்றாகக் கூடும். மூன்றால் வகுபடாமல் இரண்டு மாத்திரை அதிகம் இருக்கிறதென்றால், அவர் மறக்கவில்லை. ஏதோ இரண்டு நாளில் மூன்று போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டிருக்கிறார். அல்லது ஒரு நாள் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார். மருந்தைக் கையில் எடுத்தார், விழுங்கவும் தொடங்கினார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. குமட்டலா, மாத்திரை பெரிதாக இருந்து தொண்டையில் நிற்கிறதா, வெறும் வயிற்றில் போடுகிறாரா என்று கேட்க வேண்டிய வீடு அது. மறதிக்குச் சொல்லும் யோசனையை அங்கே சொல்லிப் பயனில்லை.

முன்பு நான்கு மருந்தும் தனித்தனி மாத்திரையாக இருந்தன. வயிற்றைப் புரட்டுவது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. இப்போது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டால் நான்கும் ஒரே மாத்திரைக்குள் வருகின்றன. ஒரு மருந்தை மட்டும் ஒதுக்க வழியில்லை. ஆனால் ஒரு மாத்திரையைக் குறைத்தால் நான்கு மருந்தின் அளவும் சேர்ந்து குறைகிறது. கிருமிக்குப் போதாத அளவில் நான்கும் உடம்புக்குள் போகின்றன.

39 என்ற மீதியும் ஏமாற்றக்கூடியதுதான். ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாள் மொத்தமாக விட்டிருப்பார். இன்னொருவர் ஆறு நாள் தலா ஒரு மாத்திரை குறைத்திருப்பார். இருவருமே போடவேண்டிய 51-ல் 45 போட்டிருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் இருவருக்கும் 88 சதவீதம் என்று விழும். அந்த 88-ஐ மட்டும் பார்க்கிற ஒருவருக்கு இவர்கள் ஒரே ஆள். எனக்கு இவர்கள் வேறு வேறு நோயாளிகள், வேறு வேறு பேச்சு தேவைப்படுகிறவர்கள். மருந்து ஒழுங்கை அளப்பது என்றால் எத்தனை விட்டார் என்பதோடு, எந்த நாளில், எப்படி விட்டார் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிப்பது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சதவீதம் அதன் ஒரு ஓரம்.

வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணும் இந்த வேலைக்குச் சென்னையில் பழைய வேர் உண்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அன்றைய மருந்து ஐசோனியசிட்டும் பாஸ் (PAS) என்ற மருந்தும். ஓராண்டு சாப்பிட வேண்டும். பாஸ் குடலைப் புரட்டும் மருந்து, அதையும் தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும்.

அந்த மையம் எடுத்துக்கொண்ட கேள்வி அன்றைக்குத் துணிச்சலானது. சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் கொடுத்து ஒரு குழுவுக்குச் சிகிச்சை. நெரிசலான வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்த இன்னொரு குழுவுக்கு அதே மருந்து. 1959-ல் முடிவு வெளியானது. நோய் குணமாவதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது, அவ்வளவுதான். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை என்று பின்னால் வந்த கட்டுரைகள் காட்டின. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் சென்னைக்கு உள்ள பங்கைப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமான பகுதி வேறு. வீட்டில் இருந்தவர் மருந்தை விழுங்கினார் என்று எப்படித் தெரியும்? அது தெரியாமல் முடிவை எப்படி நம்புவது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். மையத்தின் தலைவராக இருந்த வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தானாக மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றியே 1958-ல் தனிக் கட்டுரை எழுதினார். படித்தவர், படிக்காதவர், ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் மனிதர்கள் மாத்திரையை விடுவார்கள் என்பதை ஒரு நடைமுறை உண்மையாக எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சிகிச்சையை அமைத்தவர்கள் அவர்கள். வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வரவழைத்துக் கண் முன்னால் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வை 1964-ல் வெளியிட்டதும் இந்த மையம்தான். அந்தச் சிந்தனைதான் பிறகு டாட்ஸ் என்ற பெயரில் உலகெல்லாம் போனது.

கண் முன்னால் விழுங்கவைத்தால் அளக்கும் தேவையே இருக்காது. ஆனால் தினக்கூலிக்குப் போகிறவர் காலை எட்டு மணிக்கு என் முன்னால் வந்து நிற்க முடியாது. 2017-ல் வாரம் மூன்று நாள் மருந்து என்பது நாடு முழுக்கத் தினசரி மருந்தாக மாறியது. பெரும்பாலான மாத்திரைகள் இன்று வீட்டில், யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்கப்படுகின்றன. எண்ணும் வேலை திரும்பவும் எங்கள் கைக்கு வந்துவிட்டது.

எண்ணுவதற்கு முன்னால் கேட்பது. இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிப்பது அதுதான். “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்று கேட்டால், “போடறேன் மேடம், ஒரு நாள்கூட விட்டதில்ல” என்று பதில் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. கேட்கிறவர் அரசு ஆள், கையில் ரிஜிஸ்டர் இருக்கிறது, மருந்தை நிறுத்திவிடுவார்களோ, வங்கிக் கணக்கில் வரும் சத்துணவுப் பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் உண்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நான் நேற்றிலிருந்து தொடங்குவேன். “நேத்து எத்தனை மணிக்குப் போட்டீங்க? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?” நேற்றைய நாளைப் பற்றி யாருக்கும் பொதுவான பதில் கிடையாது. போட்டவர் உடனே சொல்லிவிடுவார், கூடவே இட்லி, பழைய சோறு என்று ஏதாவது வரும். போடாதவர் யோசிப்பார். அந்த யோசனையிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு விட்டுப்போவது சகஜம் என்ற கதவைத் திறந்துவைத்துக் கேட்பேன். “தெவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தீங்களே ஆயா, அவசரத்துல மாத்திரை எடுத்துட்டுப் போக முடிஞ்சுதா?” “எடுத்துட்டுத்தான் போனேன் கண்ணு, பையிலயே இருந்துச்சு, எல்லாரும் இருக்கறப்ப எப்படி எடுத்துப் போடறது?” இந்த ஒரு பதிலில் எண்ணிக்கையும் காரணமும் சேர்ந்தே வந்துவிட்டன. மறதி இல்லை, பயண அசௌகரியம் இல்லை, தனக்கு டி.பி. என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது. அந்த ஆயாவுக்கு நான் செய்ய வேண்டியது, பெயர் அச்சிட்ட அட்டையை விட்டுவிட்டு அன்றன்றைய மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போகச் சொல்வது. சர்க்கரை மாத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பற்றி ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். விட்டேன் என்று சொல்கிறவரை நம்பலாம். விடவில்லை என்று சொல்கிறவர்களில் ஒரு பகுதியைத்தான் நம்ப முடியும். ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் கேள்வியின் வேலை, விட்டதைச் சொல்வதற்கான தயக்கத்தைக் குறைப்பது. “விட்டேன்” என்று ஒருவர் சொன்ன அடுத்த நொடியில் என் முகம் மாறினால், அவரிடம் இனி எனக்கு அளவுகோலே இல்லை.

சிறுநீர் பொய் சொல்லாது என்பார்கள். அது முழு உண்மை இல்லை. ரிஃபாம்பிசின் போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சாக மாறும், ஒரு நாளுக்குள் அந்த நிறம் மங்கிவிடும். மருந்து தொடங்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்தே நிறுத்திவிடுவார்கள். குடியாத்தம் பக்கத்துக் கோடையில், பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் பீடி சுற்றும் பெண்ணுக்கு மாத்திரை போடாமலே சிறுநீர் அடர்மஞ்சளாகத்தான் போகும். பி-காம்ப்ளெக்ஸ் போட்டாலும் மஞ்சள்தான். பழகிய கண் ஆரஞ்சையும் மஞ்சளையும் பிரித்துவிடும், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுவார்கள். ஐசோனியசிட்டுக்கு ரசாயனச் சோதனையே இருக்கிறது. கடந்த ஒரு நாளுக்குள் மருந்து போட்டிருந்தால் நீலமோ ஊதாவோ வரும், நேரம் தள்ளிப்போயிருந்தால் பச்சை, மருந்தே இல்லாவிட்டால் மஞ்சள். துல்லியமான சோதனைதான். ஆனால் அது பேசுவது நேற்றையும் முந்தாநாளையும் பற்றி மட்டும். நான் வருவது தெரிந்து நேற்று ஒரு நாள் போட்டவருக்கும், ஒரு மாதம் தவறாமல் போட்டவருக்கும் ஒரே நிறம். சென்னையில் அன்றைக்கே சொல்லாமல் போய்ச் சிறுநீர் எடுத்ததன் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஆய்வாளர் ஜாய்ஸ் கிராமரின் வேலையை நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நேரத்தைப் பதிந்துகொள்ளும் சிப் பொருத்திய மூடியுள்ள புட்டியைக் கொடுத்தார். 1989-ல் வெளியான முடிவில், நாளைக்கு ஒரு வேளை மருந்து உள்ளவர்கள் 87 சதவீத வேளைகளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நான்கு வேளை உள்ளவர்களுக்கு அது 39 சதவீதம். அடுத்த ஆண்டு இன்னொன்றைக் காட்டினார். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஐந்து நாளும் பிந்தைய ஐந்து நாளும் ஒழுங்கு ஏறுகிறது, ஒரு மாதம் போனால் இறங்கிவிடுகிறது. வருகைத் தேதியை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் எந்த அளவீடும் அந்த ஏற்றத்தைத்தான் அளக்கும். அதனால் நான் மருந்து கொடுக்கும் நாளை ஒட்டி எண்ணுவதில்லை. நடு மாதத்தில் எண்ணுவேன்.

எண்பது சதவீதம் என்ற எல்லைக்கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த மருந்துக்கும் எண்பதைத் தாண்டினால் ஒழுங்கானவர், தாண்டாவிட்டால் ஒழுங்கற்றவர் என்று பிரிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த எண் பரவலானதற்கு 1970-களில் கனடாவின் ஹாமில்டன் நகரில் எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் சாக்கெட்டும் ஹேய்ன்ஸும் நடத்திய ரத்த அழுத்த ஆய்வுகள் முக்கியக் காரணம். பிரஷர் மாத்திரைக்கு அங்கே பொருந்திய எண் அது. டி.பி.க்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பல நாடுகளின் டி.பி. ஆய்வுகளில் இருந்து ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பெரிய பகுப்பாய்வு 2018-ல் வந்தது. பத்தில் ஒரு வேளையோ அதற்கு மேலோ விட்டவர்களுக்குச் சிகிச்சை தோற்கும் ஆபத்து, மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. எண்பத்தெட்டு வாங்கிய என் நோயாளிகள் இருவரும் எண்பதுக் கோட்டின்படி தேறியவர்கள். இந்தக் கணக்கின்படி இருவருமே ஆபத்தில் இருக்கிறார்கள்.

இன்னோர் ஆய்வு, மருந்து ஒழுங்கு என்று நாம் அளப்பதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று என்னை நிறைய யோசிக்கவைத்தது. மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் மருந்தை அமெரிக்காவில் பரிசோதித்தார்கள். 1980-ல் வெளியானது. எண்பது சதவீதத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம், சரியாகச் சாப்பிடாதவர்களில் சுமார் 25. மருந்துக்குப் பலன் இருக்கிறது என்று இதை மட்டும் பார்த்தால் தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கியவர்களிலும், ஒழுங்காக விழுங்கியவர்களில் சுமார் 15 சதவீதமும் விழுங்காதவர்களில் சுமார் 28 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஒன்றுமில்லாத மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் எப்படி ஆயுள் கூடும்? ஆய்வின் முதல் பாடம் புள்ளிவிவரக்காரர்களுக்கானது. எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. மாத்திரையைத் தவறாமல் போட முடிகிறவருக்கு மூன்று வேளை சாப்பாடு இருக்கிறது, இரவு தூக்கம் இருக்கிறது, நினைவூட்ட ஒரு ஆள் இருக்கிறார், குடிப்பழக்கம் பெரும்பாலும் இல்லை. நான் எண்ணும் மீதி மாத்திரைகள் அந்த வீட்டின் நிலையையும் சேர்த்தே சொல்கின்றன. அதனால்தான் மீதி அதிகமாக இருக்கும் வீட்டில் மருந்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தால் வேலை முடிந்ததாக நான் நினைப்பதில்லை. ரேஷன் அட்டை, சத்துணவுப் பணம் வங்கியில் ஏறியதா, ராத்திரி ஷிஃப்ட்டா பகல் ஷிஃப்ட்டா, இதெல்லாம் என் அளவீட்டுக்குள்தான் வருகின்றன.

போன் வழியாக அளக்கும் முறைகள் வந்தபோது நான் மகிழ்ந்தேன், இன்னும் மகிழ்கிறேன். 99 டாட்ஸ் என்ற முறையில் மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு போன் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு, காசு கிடையாது. எந்த எண் தெரியும் என்று முன்கூட்டித் தெரியாததால், பிதுக்கினார் என்பதற்கு அதுவே சாட்சி. சென்னை உள்ளிட்ட நகரங்களில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரில் ஐசோனியசிட் இருக்கிறதா என்று சோதித்து, அழைப்புப் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வந்தது. இரண்டும் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. மாத்திரை போட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள், அழைத்தும் போடாதவர்கள் இருந்தார்கள். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. வீட்டில் ஒரே போன், அது கணவனோடு வேலைக்குப் போய்விடும். சார்ஜ் இருக்காது. பிதுக்குவதும் விழுங்குவதும் ஒன்றல்ல, புட்டியைத் திறப்பதும் விழுங்குவதும் ஒன்றல்ல. ஆனால் இந்தக் கருவிகள் கொடுக்கும் ஒன்று, என் எண்ணிக்கையால் கொடுக்க முடியாதது. அவை தேதியைக் கொடுக்கின்றன. 33-க்குப் பதில் 39 என்று மட்டும் நான் சொல்ல முடியும். எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் அழைப்பு இல்லை என்று அது சொல்லும். எட்டாம் தேதி என்ன நடந்தது என்று நான் போய்க் கேட்கலாம். போனும் வருகையும் சேர்ந்தால்தான் படம் முழுமை அடைகிறது.

அளப்பதை நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. 1992-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நுரையீரல் நோயாளிகளின் இன்ஹேலரில் நேரம் பதியும் கருவி இருப்பதைச் சொல்லாமல் மறைத்தார்கள். ஏறக்குறைய முப்பது சதவீதம் பேர் மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் அழுத்திக் காலிசெய்திருந்தார்கள். மருத்துவர் புட்டியை எடைபோட்டுப் பார்ப்பதற்குள் அது காலியாக வேண்டும் என்ற தவிப்பு அது. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. எதிரே இருப்பவரை ஏமாற்றமடையச் செய்யக் கூடாது என்று நினைக்கும் ஆட்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். டி.பி. வீடுகளிலும் அட்டை முழுக்கக் காலியாக, கணக்கு ஒரு மாத்திரைகூடப் பிசகாமல், ஆனால் எடை ஏறாமல், இருமல் குறையாமல் இருப்பவர்கள் உண்டு. சரியான எண்ணிக்கையைக் கண்டதும் திருப்தியோடு எழுந்துவிடக் கூடாது. தட்டில் இட்லி எத்தனை, போன மாதத்தை விட ரவிக்கை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

அதனால் முதல் நாளே சொல்லிவிடுவேன். “நடுவுல ஒரு நாள் வருவேன், எப்பன்னு சொல்ல மாட்டேன். மீதி மாத்திரையை எண்ணுவேன். அதிகமா இருந்தா திட்ட மாட்டேன், மருந்தை நிறுத்த மாட்டேன். ஏன் இருக்குன்னு மட்டும் கேப்பேன்.” சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் இரண்டாம் வருகையிலிருந்து அவர்களே அட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள். சிலர் அட்டையின் ஓரத்தில் பேனாவால் தேதி எழுதிவைப்பார்கள். எழுதத் தெரியாத ஒரு பாட்டி விடுபட்ட நாளுக்குக் காலண்டர் தாளைக் கிழிக்காமல் விட்டுவைத்திருந்தார். அவர் கண்டுபிடித்த முறைக்கு ஈடான கருவியை நான் பார்த்ததில்லை.

எல்லா மாதமும் ஒன்றல்ல. முதல் இரண்டு மாதம் இருமல் இருக்கிறது, பயம் இருக்கிறது, மாத்திரை உள்ளே போய்விடும். இரண்டாம் மாத முடிவில் சளி நெகட்டிவ் என்று வரும். இருமல் நின்றிருக்கும், எடை ஏறியிருக்கும், வேலைக்குத் திரும்பியிருப்பார். “எனக்குத்தான் சரியாயிடுச்சே” என்பது அப்போதுதான் வாயில் வரும். மருந்தில் பைரசினமைட் நின்றுவிடும், மீதி மூன்றும் இன்னும் நான்கு மாதம் உண்டு. அதனால் ஒன்பதாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை என் வருகைகளை நெருக்கமாக வைத்துக்கொள்கிறேன். சளி நெகட்டிவ் ஆன செய்தியைச் சொல்லும் அதே மூச்சில், அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணவும் செய்கிறேன். மாதாந்திரக் கூட்டத்துக்குச் சதவீதம் கேட்கிறார்கள், அதை எழுதிக் கொடுக்கிறேன். பக்கத்தில் விடுபட்ட தேதிகளையும் எழுதுகிறேன். சந்தை நாள், சம்பள நாள், மகளுக்குப் பிரசவம், மாமியார் வீட்டுத் திருவிழா என்று காரணத்தோடு. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எங்கள் மருத்துவ அலுவலர் ஒரு நெசவுத் தொழிலாளிக்கு மாத்திரை நேரத்தைக் காலையிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றச் சொன்னார். அவருடைய மீதி அந்த மாதத்திலிருந்து மூன்றால் வகுபடுகிறது.